எம்எல்ஏ ஆவது, எம்எல்ஏவாக இருப்பது, தோற்ற பிறகு இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதி அலுவலகத்தில் பதினோரு வருடம் மனு வாங்கி, நோட்டில் பதிந்து, கடிதம் அடித்துக் கொடுத்தவன் நான். எங்கள் எம்எல்ஏ இரண்டு முறை ஜெயித்தார், ஒரு முறை தோற்றார். அதற்கு முன்பும் பின்பும் அவர் கட்சியின் ஒன்றியச் செயலாளர். அவர் பெயரும் கட்சியும் இங்கே தேவையில்லை. கல்யாண வீட்டில், டீக்கடையில், போனில் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நான் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எம்எல்ஏ ஆக என்ன தகுதி வேண்டும்?

25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டியிடும் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டியதில்லை. படிப்புத் தகுதி கிடையாது. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 5,000. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கூட வாங்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பி வராது. மொத்தம் 234 தொகுதிகள், அதில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

அது சட்டம். நிஜத்தில் ஒருவர் எப்படி எம்எல்ஏ ஆகிறார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்வேன். பணம், சாதி, தலைவரின் நெருக்கம், சினிமா முகம் என்று எதையாவது ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது வேறு. பெரும்பாலான எம்எல்ஏக்கள் ஒரு கிளையில் ஆரம்பித்தவர்கள். கொடிக்கம்பம் நட, சுவரில் வெள்ளையடித்துப் பெயர் எழுத, கூட்டத்துக்கு வேன் பிடிக்க, உறுப்பினர் சேர்ப்புப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைய ஒருவன் வேண்டுமே, அவனாக இருந்தவர்கள். அப்புறம் கிளைச் செயலாளர், மாவட்டப் பிரதிநிதி, ஒன்றியத்தில் ஏதாவது ஒரு பொறுப்பு, ஒன்றியச் செயலாளர். இந்த ஏணியில் ஏற இருபது வருடம் ஆகும். பலர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள்.

இந்த இருபது வருடத்தில் அவர் கற்றுக்கொள்வது என்ன என்று கேட்டால், எங்கள் ஆள் வைத்திருந்த வாக்காளர் பட்டியலைத்தான் காட்டுவேன். ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலைத்தான் பாகம் என்போம், ஒரு பாகத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஓட்டு. அச்சடித்த பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு சின்ன எழுத்து: 'தி' என்றால் திருப்பூரில் வேலை, தேர்தலன்று பஸ் பிடித்து வரவேண்டும், 'க' என்றால் கல்யாணமாகிப் போன பெண், ஒரு கோடு என்றால் இறந்துவிட்டவர், கேள்விக்குறி என்றால் யாருக்குப் போடுவார் என்று தெரியாது. ஒரு பக்கத்தில் பத்துக் கேள்விக்குறிக்கு மேல் இருந்தால் அந்தத் தெருவுக்கு அவரே நேரில் போவார். தன் சொந்த ஒன்றியத்தில் 60 பாகத்துக்கு மேல் அவர் இப்படிக் குறித்து வைத்திருந்தார், அத்தனையும் அவர் கையெழுத்து.

தேர்தல் வந்தால் கட்சித் தலைமையிடம் பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார்கள், நேர்காணல் நடக்கும். ஒரே தொகுதிக்குப் பல பேர் வரிசையில் நிற்பார்கள். கூட்டணிக் கட்சிக்குத் தொகுதி போய்விட்டால் அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், அது அவர்கள் யாருடைய தவறும் இல்லை. சீட் கிடைத்தவருக்கு, கட்சியின் வேட்பாளர் இவர்தான் என்று தலைமை கையெழுத்துப் போட்ட ஏ, பி படிவங்கள் கைக்கு வரும். அந்த இரண்டு தாளும் தேர்தல் அதிகாரி மேசைக்குப் போய்ச் சேரும் வரை யாரும் வேட்பாளர் இல்லை, பட்டியலில் பெயர் வந்த பிறகு மாற்றப்பட்டவர்கள் நிறைய.

மாவட்டச் செயலாளர் எம்எல்ஏவை விடப் பெரியவரா?

கட்சிக்குள் ஆமாம். எம்எல்ஏவின் பதவிக்காலம் ஐந்து வருடம். மா.செ. பதவியில் தலைமையின் நம்பிக்கை இருக்கும் வரை உட்காரலாம், ஒருவரே இருபது இருபத்தைந்து வருடம் இருந்த மாவட்டங்கள் உண்டு. யாருக்கு ஒன்றியச் செயலாளர் பொறுப்பு, உள்ளாட்சித் தேர்தலில் யாருக்கு சீட், கூட்டத்துக்கு எத்தனை வண்டி, எல்லாம் அவர் வழியாகத்தான் போகும். கட்சி மாவட்டமும் அரசு மாவட்டமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வருவாய் மாவட்டம் 38தான், பெரிய கட்சிகள் அமைப்பு ரீதியாக அதைவிட அதிகமான மாவட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன, ஒரே வருவாய் மாவட்டத்தில் வடக்கு, தெற்கு, மத்திய என்று தனித்தனி மா.செ.க்கள் இருப்பார்கள். ஒன்றைப் பிரித்து இரண்டாக்கினால் ஒருவருக்குப் பாதி அதிகாரம் போகும், இன்னொருவருக்குப் புதிதாக வரும். கட்சித் தலைமை கையில் இருக்கும் பெரிய ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

எம்எல்ஏவும் ஒன்றியச் செயலாளரும் வேறு வேறு ஆளாக இருந்து, இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்றால் தொகுதி படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒருவர் திறந்து வைத்த நிழற்குடைக்கு இன்னொருவர் ஆட்கள் வரமாட்டார்கள். அடுத்த தேர்தலில் தோற்பதற்கான வேலை அங்கேயே ஆரம்பித்துவிடும், எதிர்க்கட்சிக்கு அதில் பங்கே இருக்காது.

ஊராட்சித் தலைவராக இருந்தால் எம்எல்ஏ சீட்டுக்கு வழி பிறக்குமா?

பிறக்கும், ஆனால் நேராக இல்லை. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலும் அதன் வார்டு தேர்தலும் கட்சி சார்பற்றவை, பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா மாதிரியான சின்னங்களில்தான் நிற்க வேண்டும். கட்சிச் சின்னம் வருவது ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களில்தான். அதனால் ஊராட்சித் தலைவராக ஜெயித்தவருக்குத் தன் சொந்தப் பலம் எவ்வளவு என்று தெரியும், ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தவர் தன் பலத்தைக் கட்சியின் பலத்தோடு சேர்த்துத்தான் எண்ண முடியும். இரண்டும் தெரிந்தவர்தான் எம்எல்ஏ தேர்தலில் நிதானமாக நிற்பார் என்பது என் கணிப்பு. உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும்.

எம்எல்ஏ ஒரு நாளில் என்னதான் செய்கிறார்?

காலை ஆறரைக்கு வாசலில் ஆள் நிற்கும். எட்டு மணிக்குள் ஒரு துக்க வீடு. தொகுதியில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஓட்டு இருக்கும்போது தினமும் எங்கேயாவது ஒரு சாவு இருக்கும், மாலையோடு போக வேண்டும், போகாவிட்டால் அந்த வீடு பத்து வருடம் ஆனாலும் அதை நினைவில் வைத்திருக்கும். முகூர்த்த நாள் என்றால் பதினைந்து கல்யாணம், நான்கு காதுகுத்து, இரண்டு புதுமனை புகுவிழா. நடுவில் பூமி பூஜை, ரேஷன் கடைத் திறப்பு, பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் விழா, கட்சிக் கூட்டம். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் உள்ளூர்ப் பஞ்சாயத்து ஒன்று திண்ணையில் காத்திருக்கும்.

இதையெல்லாம் வீண் என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. துக்க வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் இந்த ஊரில் ஆம்புலன்ஸ் வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது என்ற தகவல் அவர் காதுக்கு வரும். அலுவலக மேசைக்கு அந்தத் தகவல் வரவே வராது. ஆனால் ஒன்று, அவருடைய முழு நேரமும் இதிலேயே போய்விட்டால் சட்டமன்றத்துக்குத் தயாராக நேரம் இருக்காது, அந்த இழப்பு வெளியே யாருக்கும் தெரியாது.

எம்எல்ஏ கடிதம் கொடுத்தால் வேலை நடக்குமா?

எம்எல்ஏவுக்கு தாசில்தாருக்கோ இன்ஸ்பெக்டருக்கோ உத்தரவு போடும் அதிகாரம் சட்டப்படி கிடையாது. அவர் கடிதம் ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். தகுதியுள்ள மனு கிடப்பில் கிடந்தால் கடிதம் அதை எழுப்பிவிடும், தகுதியில்லாத மனுவை எந்தக் கடிதமும் காப்பாற்றாது.

ஒரு அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். முதியோர் உதவித்தொகை கேட்டு மூன்று முறை மனு கொடுத்து மூன்று முறையும் தள்ளுபடி. எங்களிடம் வந்தபோது முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார், மடித்து மடித்து நடுவில் வெடித்துப்போன லேமினேஷன். அதில் அவருக்கு 54 வயது. எம்எல்ஏ லெட்டர் பேடை எடுக்கவே இல்லை. "மூத்த பையனுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார். 46 என்றார் அந்த அம்மா. எட்டு வயதில் பிள்ளை பெற்றிருக்க முடியாதே. பிரச்சினை தாலுகா அலுவலகத்தில் இல்லை, ஆதார் பதிவு செய்த அன்று யாரோ குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த வருடத்தில் இருந்தது. வயதுச் சான்று வாங்க வைத்து, ஆதாரைத் திருத்தி, மறுபடி விண்ணப்பம் போட்டு, உதவித்தொகை வர ஏழு மாதம் ஆனது. எங்கள் கடிதம் ஒன்று கூட அதில் இல்லை. என் மனு நோட்டில் அந்த அம்மாவின் வரிசைக்கு எதிரே ஏழு மாதத்துக்கு ஒன்பது தேதிகள் எழுதியிருக்கிறேன். எம்எல்ஏ அலுவலகம் செய்யக்கூடிய வேலை இதுதான், யாராவது ஒருவர் ஒரு மனுவைக் கடைசி வரை விடாமல் பின்தொடர்வது.

தொகுதி நிதி மூன்று கோடியை எம்எல்ஏ என்ன செய்கிறார்?

அந்தப் பணம் அவர் கையில் வராது. வருடத்துக்கு 3 கோடி ரூபாய்க்கு இன்ன இன்ன வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைப்பார், நிர்வாக அனுமதி கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர், செய்து முடிப்பது அரசுத் துறைகளோ உள்ளாட்சியோ. குடிநீர்த் தொட்டி, பள்ளி வகுப்பறை, நிழற்குடை, சின்னச் சாலை இதெல்லாம் முடியும். புது மருத்துவமனை, மேம்பாலம், கல்லூரி எல்லாம் இந்தப் பணத்தில் முடியாது, அதற்கு அரசிடம் கேட்டு பட்ஜெட்டிலோ, துறை துறையாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கையிலோ வரவைக்க வேண்டும். 2022-ல் முதலமைச்சர் எல்லா எம்எல்ஏக்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைக் கேட்டார், கட்சி வித்தியாசம் பார்க்காமல் 234 பேரிடமும். உங்கள் எம்எல்ஏ எந்தப் பத்தைக் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். ஒரு தொகுதியைப் பற்றி அதன் எம்எல்ஏவுக்கு என்ன தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

சம்பளம் எவ்வளவு?

2017-ல் படிகளோடு சேர்த்து மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மாலை, மொய், டீசல், அலுவலக ஆட்கள் என்று எங்கள் அலுவலகத்தின் மாதச் செலவுக்கு அது போதவில்லை. அந்த இடைவெளியை ஒருவர் எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் அவருடைய மீதி வாழ்க்கை தீர்மானமாகிறது.

சட்டமன்றத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள்? கைதட்டுவது மட்டும்தானா?

தொலைக்காட்சியில் காட்டுவது வெளிநடப்பும் சத்தமும் மட்டும் என்பதால் அப்படித் தோன்றுகிறது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். எழுத்தில் முன்கூட்டியே கொடுத்த கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். 'எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த அரசு முன்வருமா' என்ற வகைக் கேள்விகள்தான் பெரும்பாலும் வரும். அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்' என்று சொன்னால் அங்கே விட்டுவிடுபவர் ஒரு வகை. அமைச்சர் உறுதி கொடுத்தால் அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அங்கே வரை கொண்டு போகிறவர் இன்னொரு வகை. மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் பேசும் எம்எல்ஏவைத் துறைச் செயலாளர்கள் அடையாளம் வைத்துக்கொள்வார்கள், அடுத்த முறை அவர் போன் செய்தால் எடுப்பார்கள்.

110-வது விதி என்று அடிக்கடிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன்படி முதலமைச்சரோ அமைச்சரோ ஒரு அறிவிப்பைப் படிக்கலாம், அதன் மேல் விவாதம் கிடையாது. அறிவிப்புகள் இந்த வழியில் வர வர உறுப்பினர்கள் கேள்வி கேட்க இடம் குறைகிறது. எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் எனக்கு இது வருத்தம்தான்.

ஒரு முதல் பேச்சு ஒருவரின் மொத்தப் பாதையையே காட்டிவிடும். 1957-ல் குளித்தலையிலிருந்து ஜெயித்துப் போன கருணாநிதி சட்டமன்றத்தில் முதலில் எடுத்தது நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை. தொகுதிக்குள் இருக்கிற ஒரு ஊர், அந்த வயல்களில் உழைத்தவர்களின் பங்குப் பிரச்சினை. அப்போது தி.மு.க.வுக்கு 15 இடம்தான். அதன் பிறகு நின்ற சட்டமன்றத் தேர்தல் எதிலும் அவர் தோற்கவில்லை, மொத்தம் 13 வெற்றி. அதில் 1991-ல் சென்னை துறைமுகம் தொகுதியில் கிடைத்தது வெறும் 890 ஓட்டு வித்தியாசம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் வருத்தம் ஒன்று உண்டு. பதினோரு வருடத்தில் நான் நோட்டில் ஏற்றிய மனுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், 'போன கூட்டத்தொடரில் எங்கள் ஊர் பற்றி என்ன பேசினீர்கள்' என்று கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இன்னொருவர் சட்டக் கல்லூரி மாணவி. அந்தப் பெண் வந்துபோன அடுத்த கூட்டத்தொடருக்கு எங்கள் எம்எல்ஏ ராத்திரி இரண்டு மணி வரை குறிப்பு எடுத்ததை நான் பார்த்தேன். கேட்க ஆள் இருந்தால் செய்வார்கள்.

மனசாட்சிப்படி கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட முடியுமா?

போடலாம், பதவி போகும். 1985-ல் வந்த 52-வது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினாலோ கட்சியைத் தானாக விட்டு விலகினாலோ தகுதி நீக்கம், அதை முடிவு செய்பவர் சபாநாயகர். முதலில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பலாம் என்று இருந்தது, 2003-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கினரோடு இன்னொரு கட்சியில் இணைந்தால்தான் பாதுகாப்பு.

இதன் வலி எப்படி இருக்கும் என்று தமிழ்நாடு நேரில் பார்த்தது. முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்எல்ஏக்கள் 18 பேரை 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புக் கொடுத்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25-ல் நீக்கம் செல்லும் என்றார். அந்தப் பதினெட்டுத் தொகுதிகளுக்கும் 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல். அதாவது ஒன்றரை வருடத்துக்கு மேல் அத்தனை லட்சம் பேருக்கு எம்எல்ஏவே இல்லை. கட்சித் தாவலைத் தடுக்க அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசு கவிழும் வாக்கெடுப்பு, பட்ஜெட் இரண்டையும் தவிர்த்து மற்ற மசோதாக்களுக்காவது உறுப்பினருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏ ஓட்டுக்கு என்ன மதிப்பு?

தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234-ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண். மாநிலங்களவைக்கு ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஒருவர் ஜெயிக்க 34 எம்எல்ஏக்கள் வேண்டும், அதனால்தான் அந்தச் சமயத்தில் சின்னக் கட்சிகளுக்கும் மரியாதை கூடுகிறது.

பணம் இல்லாமல் ஜெயிக்கவே முடியாதா?

வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய், 2022-ல் உயர்த்தியது. வரம்புக்குள் நிற்பவர்கள் உண்டு, நிற்காதவர்களும் உண்டு, இதை மறைப்பதில் பயனில்லை. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்து நவம்பரில் மறுபடி நடத்தினார்கள். 2017 ஏப்ரலில் நடக்க இருந்த ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் அப்படித்தான் ரத்தாகி டிசம்பரில் நடந்தது.

ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவர்களை மட்டும் திட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் பணம் கொடுத்து ஜெயித்தவர் முதல் இரண்டு வருடம் மனு நோட்டைத் திறக்கமாட்டார் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவர் மனதில் இருக்கும்.

ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. தோற்றவர் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய் 2019-ல் ஒரு பகுதி ஓட்டுகளை மறுபடி எண்ண உத்தரவு வாங்கினார், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அவர்தான் 2021-ல் அதே தொகுதியில் ஜெயித்து சபாநாயகர் ஆன அப்பாவு. 2021-ல் தியாகராய நகரில் 137 ஓட்டு. 'தி' என்று பச்சை மையில் குறித்த ஆட்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் போதும்.

பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

2021-ல் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர். முதல் பெண்ணாக முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவைக்குள் போன 1927-லிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளாட்சியில் 50 சதவீத ஒதுக்கீடு 2016-லேயே சட்டமானது, அதன்படி தேர்தலும் நடந்தது, ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களாக வந்தார்கள். சில இடங்களில் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், அது உண்மை. ஆனால் அதையே பேசிப் பேசி, தாங்களே குடிநீர்க் குழாய்க்காக ஒன்றிய அலுவலகத்தில் சண்டை போட்ட பெண் தலைவர்களை மறந்துவிடுகிறோம். அவர்கள் எம்எல்ஏ வேட்பாளர் ஆகாததற்குக் காரணம் ஏணியின் நடுப்படிதான். ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் பொறுப்பில் பெண்களை எந்தக் கட்சியும் தாராளமாக வைப்பதில்லை. மகளிரணி என்று ஒரு தனி அறை கொடுத்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியது, ஆனால் அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகுதான் என்று கட்டிப்போட்டார்கள். ஒரு கட்சி நினைத்தால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் பாதிப் பெண்களை நிறுத்தலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தேர்தலைத் தவிர வேறு எப்படிப் பதவி போகும்?

குற்ற வழக்கில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் உடனே போகும், 2013 லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீடு செய்துகொண்டே பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. 2014 செப்டம்பர் 27-ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே அப்படிப் பதவி இழந்தார், ஸ்ரீரங்கத்துக்கு 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அனுமதியில்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டாலும் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து ஒத்திவைத்திருந்த காலம் அந்தக் கணக்கில் வராது என்பதால் நடைமுறையில் அது யார் மேலும் பாய்வது அபூர்வம்.

நேர்மையாக இருந்து இந்தத் தொழிலில் நிலைக்க முடியுமா?

மதுரை கிழக்கில் 2001, 2006 இரண்டு முறையும் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் 2021-ல் தனக்கு ஒரு வீடு ஒதுக்கித் தரச் சொல்லி மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார். இரண்டு முறை எம்எல்ஏ, கையில் மனு, மக்களோடு மக்களாக அவரும். அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார். அதற்கு நாற்பது வருடம் முன்னால் அதே மதுரையில், பல வருடம் அமைச்சராக இருந்த கக்கன் அரசு மருத்துவமனைப் பொது வார்டில் படுத்திருந்தார். இவர்கள் நிலைத்தார்களா என்று கேட்டால், இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தது நிலைப்பது இல்லாமல் வேறென்ன? ஒரு கட்சி, அதன் தோழர்கள், தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மக்கள், இது மூன்றும் இருந்ததால் முடிந்தது. தனி ஆளாக முடிந்திருக்காது.

தோற்றுவிட்டால் வாழ்க்கை முடிந்ததா?

1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார், ஐந்து வருடத்தில் முதலமைச்சர். 1967-ல் விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார், இரண்டு வருடத்தில் நாகர்கோவிலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். பெரியவர்கள் கதை அப்படி.

சாதாரண எம்எல்ஏவுக்கு அது வேறு மாதிரி இருக்கும். முடிவு வந்த மறுநாள் எங்கள் வாசலில் ஒரு செருப்பு கூட இல்லை. பாதுகாப்புக்கு வந்த காவலர் போய்விட்டார், போன் அமைதியாகக் கிடந்தது. அவர் எட்டு மணிக்கு வழக்கம்போல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், நான் டீ கொண்டு வந்து வைத்தேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதரைக்கு ஒரு துக்கச் செய்தி வந்தது, எதிர்க்கட்சிக்காரர் வீட்டில். மாலை வாங்கிக்கொண்டு போனோம்.

அவர் மறுபடி ஜெயித்ததற்குக் காரணம் தோற்ற அந்த ஐந்து வருடமும் ஒன்றியச் செயலாளர் பொறுப்பு அவரிடம் இருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எம்எல்ஏ பதவி போனாலும் கிளைகளுக்குப் போகவும், கூட்டம் போடவும், பாகப் பட்டியலைப் புதுப்பிக்கவும் அவருக்கு ஒரு காரணமும் உரிமையும் இருந்தது. அந்தப் பொறுப்பும் பறிபோனவர்கள் ஊரில் முன்னாள் எம்எல்ஏ என்ற அடைமொழியோடு கல்யாண வீட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு 23 வயது, அரசியலுக்கு வர ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

எந்தக் கட்சி என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் மனசு. தலைவர் படத்தோடு பேனர் வைத்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் தெரு எந்தப் பாகத்தில் வருகிறது என்று பாருங்கள், அந்தப் பாகத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, இறந்தவர், போனவர் பெயர் நீக்க படிவம் 7, திருத்தம், முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நான்கு தகுதித் தேதிகள் இருப்பதால் 18 முடிந்த பையன் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், அதைப் போய்ச் சொன்னாலே நாலு வீடு உங்களை உட்காரச் சொல்லும். போகும்போது கையில் ஒரு நீள நோட்டு இருக்கட்டும். பெயர், தேதி, என்ன கேட்டார்கள், என்ன ஆனது என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், கடைசிக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக விடுங்கள்.